பேபிக்கும் கதாநாயகிக்கும் நடுவே

2018 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய இரவு துபாயில் நடிகை ஸ்ரீதேவி இறந்துபோன செய்தியை விடிந்ததிலிருந்து எல்லாச் சேனல்களும் சொல்லிக்கொண்டிருந்தன. தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. “எங்க பக்கத்துப் புள்ள. என் வயசு. குடுத்து வச்சவ” என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் வயசு என்று அம்மா சொன்னது கணக்குப்படி சரி. ஸ்ரீதேவி 1963 ஆகஸ்ட் 13 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் மீனம்பட்டியில் பிறந்தார். அம்மாவும் அதே வருஷம், சிவகாசியை ஒட்டிய இன்னொரு கிராமத்தில் பிறந்தவள். ஸ்ரீதேவி நான்கு வயதில் நடிக்க வந்தார். அம்மா ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். கோழி கூவுவதற்கு முன்னால் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் பஸ். கட்டை அடுக்கும் வேலை. ஒரு கட்டைக்கு இத்தனை பைசா என்று கணக்கு. இருட்டிய பிறகு அதே பஸ்ஸில் வீடு.

அம்மா தன் சிறுவயதை வேலை என்றுதான் சொல்வாள். ஸ்ரீதேவியின் சிறுவயதை அதிர்ஷ்டம் என்பாள். அம்மாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, நாமும் அப்படித்தான் நம்புகிறோம். தீப்பெட்டி ஆபீசில் ஏழு வயதுப் பெண்பிள்ளையைப் பார்த்தால் பதைக்கிறோம். அதே வயதுப் பெண்பிள்ளை ஸ்டுடியோ விளக்கின் வெக்கையில் நின்று, சொன்ன நேரத்தில் கண்ணீர் விட்டால் கைதட்டுகிறோம். என் சண்டை இந்தக் கைதட்டலோடுதான்.

அந்த வாரம் முழுக்கச் சேனல்கள் குளியல் தொட்டியை வரைந்து காட்டிப் பேசின. வாட்ஸப்பில் ஆளாளுக்கு மருத்துவரானார்கள். அவர் மூக்கைப் பற்றி, உதட்டைப் பற்றி, எடையைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். 54 வயதுப் பெண் எதற்காக இளமையாகத் தெரிய ஆசைப்பட்டாள் என்று கேட்டவர்கள் நிறைய. 13 வயதுச் சிறுமியை எதற்காக முதிர்ந்தவளாகக் காட்டினீர்கள் என்று யாரும் கேட்டதை நான் பார்க்கவில்லை.

அந்தப் பதின்மூன்றைப் பற்றிப் பேசுவோம்.

கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ 1976 அக்டோபரில் வெளியானது. அப்போது அதன் கதாநாயகிக்குப் பதின்மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். கதையில் அவள் காதலிக்கிறாள். காதலன் நீரில் மூழ்குவதைப் பார்க்கிறாள். தாயில்லாப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போன வீட்டில் அவர்களின் தகப்பனுக்கே மனைவியாகிறாள். தன்னைத் துரத்தியவனுக்குச் சித்தியாகி அவனை அடக்குகிறாள். பெண்ணின் மனத்திண்மையைச் சொன்ன படம் என்று இன்றும் புகழ்கிறோம். அந்த மனத்திண்மையைச் சுமந்தவள் எட்டாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை.

“அந்தக் காலம் அப்படி” என்பார்கள். 1976இல் இந்தியச் சட்டப்படி பெண்ணின் திருமண வயது 15. அதை 1978இல்தான் 18 ஆக உயர்த்தினார்கள். ஆக, அந்தக் காலத்துச் சட்டத்தின் கண்ணிலும் பதின்மூன்று வயதுக்காரி குழந்தைதான். திரையில் அவளுக்குத் தாலி ஏறியபோது குழந்தையாக யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

அதே படத்தில் இன்னொரு முன்னாள் குழந்தை நட்சத்திரமும் இருந்தார். அவர் கமல்ஹாசன். 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் ஐந்து வயதுப் பையனாக வந்து நாட்டையே கலங்கவைத்தவர். அதற்குப் பின் சில படங்கள். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் டி.கே.எஸ். நாடகக் குழுவில் சேர்ந்து நாடகம் கற்றார். நடனம் கற்றார். தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராக இருந்து திரைக்குப் பின்னால் நின்று தொழிலைப் பார்த்தார். குரல் உடைந்தது, மீசை முளைத்தது, முகம் மாறியது. எல்லாம் ஆன பிறகு, இருபதை ஒட்டிய வயதில் கதாநாயகனாக வந்தார். ‘மூன்று முடிச்சு’ வெளியானபோது அவருக்கு 22 வயதாகவிருந்தது. எனக்குக் கமலோடு வழக்கு ஏதுமில்லை. அவருக்குக் கிடைத்தது ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கு.

ஸ்ரீதேவியின் பட்டியலைப் பாருங்கள். 1969இல் ‘துணைவன்’, ‘நம் நாடு’. 1971இல் ‘பாபு’. அதே ஆண்டு மலையாளத்தில் ‘பூம்பாட்டா’, அதற்குக் கேரள அரசின் குழந்தை நட்சத்திர விருது. 1972இல் தெலுங்கில் ‘படி பந்துலு’. 1975இல் இந்தியில் ‘ஜூலி’, அதில் கதாநாயகியின் தங்கை. 1976இல் ‘மூன்று முடிச்சு’, அதில் கதாநாயகி. நடுவில் அவள் முகம் மாறுவதற்கு, குரல் மாறுவதற்கு, கண்ணாடி முன் நின்று யார் இது என்று தன்னையே கேட்டுக்கொள்வதற்கு நேரம் எங்கே இருக்கிறது? ‘துணைவ’னில் அவள் ஏற்றது முருகன் வேடம். குழந்தையாக இருந்தவரை அவளை ஆண் தெய்வமாகக்கூட ஆக்க முடிந்தது, உடம்பு ஒரு பொருட்டில்லை. உடம்புக்கு விலை உண்டு என்று தெரிந்த நாளில் அவளைப் பெண்ணாக்கினார்கள்.

ஆண் குழந்தை நட்சத்திரம் வளர்வதற்குச் சினிமா காத்திருக்கும். பெண் குழந்தை நட்சத்திரம் வளர்வதற்கு முன்பே அவளைக் கேட்கும். ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது குழந்தைப் பருவம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதைவிடக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பேபிக்கும் கதாநாயகிக்கும் நடுவே இருக்க வேண்டிய ஐந்தாறு வருஷம். பருக்கள் வருகிற, கூச்சம் வருகிற, ஒருவருக்கும் காட்டாமல் எதையாவது எழுதிக் கிழிக்கிற வருஷங்கள். அவைதாம் அவளுக்கு மறுக்கப்பட்டன.

இதைப் படிக்கும் மாணவிகள் உங்கள் பதின்மூன்றை நினைத்துப் பாருங்கள். என் அம்மாவின் பதின்மூன்றில் ஓலைக் குச்சில் கட்டி உட்காரவைத்தார்கள், பதினாறு நாள் கழித்துத் தாவணி கட்டி மறுபடி தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஊர் பெண்ணை ஒளித்துவைத்தது, சினிமா வெளிச்சத்தில் நிறுத்தியது. இரண்டுமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1977 செப்டம்பரில் ‘16 வயதினிலே’ வந்தது. மயிலாக நடித்தவளுக்குப் பதினான்கு வயதும் ஒரு மாதமும். பாரதிராஜா தமிழ் சினிமாவை ஸ்டுடியோவிலிருந்து வயல்வெளிக்குக் கொண்டுபோன படம் அது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலைப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். பதினாறு என்பதே ஊர்க்கண் வைக்கிற வயது, பரட்டை வைக்கிற கண், பட்டணத்து டாக்டர் வைக்கிற கண். அந்தப் பதினாறைக்கூட நடித்துக்காட்டியவள் எட்டியிருக்கவில்லை.

தெலுங்கில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1972இல் ‘படி பந்துலு’வில் என்.டி. ராமாராவுக்குப் பேத்தியாக நடித்த அதே ஸ்ரீதேவி, 1979இல் ‘வேடகாடு’ படத்தில் அவருக்கு ஜோடி. தாத்தாவுக்கு அப்போது 56 வயது, பேத்திக்குப் பதினாறுகூட நிறையவில்லை. படம் பெரிய வெற்றி. ஏழு வருஷத்தில் பேத்தி காதலியானதை ரசிகர்கள் ஒரு சுவையான தகவலாக இன்றும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இது ஒருவரோடு முடிந்த கதையும் இல்லை. 1984இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’தில் குழந்தையாக நடித்த மீனா, 1993இல் ‘எஜமா’னில் ரஜினிக்கு மனைவி. ‘என் ராசாவின் மனசிலே’ 1991இல் வந்தபோது அவருக்கு வயது 14. அதிலும் மனைவிதான், பிள்ளை பெற்று இறந்துபோகிற மனைவி. ‘அங்கிள்’ என்று கூப்பிட்ட குழந்தை நாளை ஜோடியாகலாம். அங்கிள் அங்கேயே நிற்பார், அவருக்கு வயதாகாது. குழந்தை மட்டும் ஓடி வந்து அவரைப் பிடிக்க வேண்டும்.

பதின்மூன்றில் பெரியவளாக்கப்பட்டவளைப் பதினெட்டில் மறுபடி குழந்தையாக்கியதும் இதே சினிமாதான். 1982இல் ‘மூன்றாம் பிறை’. விபத்தில் நினைவு தவறிக் குழந்தையின் மனத்துக்குப் போய்விட்ட பெண். பாலியல் தொழில் விடுதியிலிருந்து மீட்டு அவளைப் பார்த்துக்கொள்கிற வாத்தியார். கமலுக்கும் பாலுமகேந்திராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. கடைசிக் காட்சியில் ரயிலடி மழையில் அவர் குரங்காட்டம் ஆடிக் காட்டுவதை நினைத்து இன்றும் அழுகிறோம். ரயிலுக்குள் இருந்தவளுக்குத் தன் பெயர், தன் தாய் தகப்பன், தன் வயது எல்லாம் திரும்பக் கிடைத்ததே, அதற்காக நம்மில் எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம்? அவள் மறந்துவிட்டாள் என்றுதான் கோபப்பட்டோம். குழந்தையாகவே இருந்திருந்தால் நமக்கு நன்றாக இருந்திருக்கும்.

இங்கே வழக்கமாக இரண்டு எதிர்ப்புகள் வரும்.

முதலாவது: “அவரே குறை சொல்லவில்லையே, உங்களுக்கு என்ன?” உண்மைதான். பள்ளி, கல்லூரி வாழ்க்கை தனக்கு இல்லாமல் போனதையும், குழந்தை நட்சத்திரமாக இருந்து நேராகக் கதாநாயகி ஆனதையும் பேட்டிகளில் அவர் சொன்னபோது குரலில் கசப்பு இருக்கவில்லை, நன்றிதான் இருந்தது. என் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசைக் குறை சொன்னதில்லை. “அந்தக் காசுலதான் தம்பி படிச்சான்” என்று பெருமையாகத்தான் சொல்வாள். நான்கு வயதிலிருந்து ஒன்றையே வாழ்ந்தவருக்கு வேறு எதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறை சொல்லத் தெரியும்? உழைத்தவள் குறை சொல்லாதது உழைக்கவைத்தவருக்குக் கிடைத்த நற்சான்றிதழ் ஆகிவிடாது. அவருடைய திறமையை நான் குறைத்துப் பேசுவதாகவும் நினைக்க வேண்டாம். ‘ஜானி’யில் அந்தப் பாடகியின் தயக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று தெரியும். அந்தத் திறமை இருபது வயதிலும் அவரிடம் இருந்திருக்கும். காத்திருக்கச் சினிமாவுக்குத்தான் பொறுமை இல்லை.

இரண்டாவது: “அம்மாக்காரிதானே கூட்டிக்கொண்டு வந்தாள்?” சினிமாப் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்த வில்லி, நடிகையின் அம்மா. மேக்கப் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவள், கால்ஷீட் பேசுபவள், பேராசைக்காரி. அந்த அம்மாக்கள் ஏன் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசித்தோமா? உள்ளே பாதுகாப்பு இருந்திருந்தால் வாசலில் காவல் எதற்கு? சம்பளமில்லாத காவல் வேலை அது. கதை எழுதியவர், பணம் போட்டவர், பதின்மூன்று வயதுக்காரியை ஜோடியாக ஏற்ற நாயகர், டிக்கெட் வாங்கியவர், சான்றிதழ் கொடுத்த தணிக்கைக் குழு, வீட்டிலிருந்த தகப்பன் எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டவள் இன்னொரு பெண்.

காவல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். ஸ்ரீதேவி இறந்து ஒரு மாதத்துக்குள், 2018 மார்ச்சில், டெய்ஸி இரானி ஒரு பேட்டியில் அறுபது ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னார். 1950களில் இந்திப் படங்களில் பெரும்பாலும் பையன் வேடத்தில் வந்து புகழ்பெற்ற குழந்தை நட்சத்திரம் அவர். ‘ஹம் பஞ்சி ஏக் டால் கே’ படப்பிடிப்புக்காக மதராஸுக்கு வந்திருந்தபோது, பார்த்துக்கொள்வதற்கென்று உடன் அனுப்பப்பட்ட ஆளே தன்னை வன்புணர்ந்ததாகச் சொன்னார். அப்போது அவருக்கு ஆறு வயது. மறுநாள் காலை ஒன்றும் நடக்காததுபோலப் படப்பிடிப்பில் இருந்ததாகவும் சொன்னார். அது நடந்தது நம் ஊரில். ஸ்ரீதேவிக்காக ஒரு வாரம் அழுத சேனல்களில் இந்தச் செய்தி எத்தனை நாள் ஓடியது என்று நினைவிருக்கிறதா?

இப்போதெல்லாம் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தி, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். இரண்டு விலக்குகள் வைத்தார்கள். ஒன்று குடும்பத் தொழில். இன்னொன்று சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம். 2017 விதிகளின்படி குழந்தைக் கலைஞர் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்குமேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்குமேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்குமேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் போட வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

நல்ல விதிகள். பொறுப்பாளரை யார் கண்காணிப்பது என்ற டெய்ஸி இரானியின் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஓட்டை வயதில் இருக்கிறது. கலைஞருக்கென்று சொன்ன இந்தக் காப்பெல்லாம் 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு. பதினான்கு முடிந்தால் சட்டத்தின் பெயரில் அவள் வளரிளம் பருவத்தினள். மாவட்ட ஆட்சியர் அனுமதியும் வங்கி வைப்பும் அங்கே அவளை விட்டு விலகிக்கொள்கின்றன. மயிலாக நடித்தபோது ஸ்ரீதேவிக்கு 14. ‘என் ராசாவின் மனசிலே’யில் மீனாவுக்கு 14. சினிமா எந்த வயதில் பெண்ணைக் கதாநாயகி ஆக்குகிறதோ, சரியாக அந்த வயதில் சட்டம் கையை எடுத்துக்கொள்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பின்னர் தந்த வழிகாட்டுதல்கள் வளரிளம் பருவத்தினரையும் சேர்த்துப் பேசுகின்றன. ஆனால் வழிகாட்டுதல் சட்டமாகாது. 2012இன் போக்சோ சட்டம் 18 வயதுவரை குழந்தை என்கிறது. ஒரே நாட்டில், ஒரே பெண்ணுக்கு, எதற்கு இரண்டு வயது?

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. திரைக்கலைஞருக்கான காப்பு விதிகள் 18 வயதுவரை நீள வேண்டும். 18 வயது நிறையாத பெண்ணைக் காதலியாகவோ மனைவியாகவோ ஜோடி சேர்ப்பதைத் தடைசெய்ய வேண்டும். கதைக்கு அந்த வயது வேண்டுமென்றால் வளர்ந்த நடிகை நடிக்கட்டும், பதின்மூன்றில் ஒருத்தியை இருபத்தைந்தாகக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா? இருபது சதவீதம் போதாது, குழந்தையின் சம்பாத்தியம் குழந்தையுடையது. தணிக்கைச் சான்றிதழுக்கு முன் நடிகையின் வயதுச் சான்று கேட்க வேண்டும். விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்று படத் தொடக்கத்தில் அறிவிக்கத் தெரிந்த நமக்கு இதுவும் தெரியும்.

1997க்குப் பிறகு ஸ்ரீதேவி பதினைந்து ஆண்டுகள் பெரிய திரைக்கு வரவில்லை. அதை வனவாசம் என்று எழுதினார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பேபிக்கும் கதாநாயகிக்கும் நடுவே கிடைக்காத இடைவெளியை அவர் முப்பது கடந்து தாமே எடுத்துக்கொண்டார். திரும்பி வந்த படம் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’. 49 வயதில், கையில் நோட்டோடு, வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் கேட்கிற பெண். அந்தக் காட்சிகளில் அவர் முகத்தில் இருந்த ஆவலை நடிப்பு என்று மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

கடைசியாக, அம்மாவிடம் திரும்பிப் போகிறேன்.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு, படக் கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்தார். நாயகியின் சிறுவயது வேடம், நாலைந்து நாள் வேலை, ஐந்நூறு ரூபாய். அப்பா அப்போதே பாதி சம்மதித்துவிட்டார். ஐந்நூறு ரூபாய் எங்களுக்குப் பெரிய பணம். நான் கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “சாயங்காலம் எத்தன மணிக்கு விடுவீக?”

அவர் சிரித்தார். “சினிமாவுல மணி பாக்க முடியுமாம்மா?”

“அப்ப வேணாம்யா” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை.

ஸ்ரீதேவியைக் குடுத்து வச்சவ என்று அழுத அதே அம்மாதான். மணி பார்க்காத வேலைக்குப் பெண்பிள்ளையை அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தன் மகள் என்று வந்தபோது கேட்கத் தெரிந்த அந்தக் கேள்வியை, திரையில் தெரிகிற அடுத்த வீட்டு மகளுக்காகவும் நாம் கேட்க வேண்டும். டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.